பொலகோயே: இன்ஜினின் தாகம் வளர்த்த ஊர்

நீராவி இன்ஜினுக்குத் தாகம் அதிகம். கொதிகலனில் பொங்கி, பிஸ்டனைத் தள்ளி, வேலையை முடித்த நீராவி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். அதைப் பிடித்துத் திரும்ப ஊற்ற வழியில்லை. ஓட ஓடத் தண்ணீர் குறையும், விறகு குறையும், அடுப்பில் சாம்பல் சேரும், அச்சுகளில் எண்ணெய் வற்றும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினைக் கழற்றி ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, தயாராக நிற்கும் வேறொன்றை மாட்டியாக வேண்டும்.

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு ரயில்பாதை வகுத்த பொறியாளர்கள் இந்தக் கணக்கில்தான் ஊர்களைப் பொறுக்கினார்கள். ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு ஒரு லோகோ ஷெட். ல்யூபான், மாலாயா விஷெரா, ஒகுலோவ்கா, பொலகோயே, ஸ்பீரவோ, த்வேர், கிலின். ஏழு இடங்களும் சேர்ந்து பாதையை எட்டுத் துண்டாக்குகின்றன. நான்காவதாக வரும் பொலகோயே நட்டநடுவில் விழுகிறது. இன்றைய அளவில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர், மாஸ்கோவிலிருந்து சுமார் 330. பொலகோயே என்ற கிராமம் ஊராவதற்கு, இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே பாதி வழியில் இருந்ததே முதல் காரணம்.

அதற்கு முன் அந்த இடத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1495-இல் நோவ்கோரோத் நாட்டு நிலவரிப் பதிவேட்டில் பெயர் வருகிறது. ஒரு ஏரி, கரையில் குடியிருப்பு, அவ்வளவுதான். இரண்டு தலைநகரங்களையும் இணைத்த பழைய நெடுஞ்சாலை இந்தப் பக்கம் வரவே இல்லை. வால்தாய், யெத்ரவோ, ஹொத்தீலவ், விஷ்னி வொலொச்சோக் என்று தள்ளியே போனது. அலெக்சாந்தர் ரதீஷ்செவ் 1790-இல் வெளியிட்ட ‘பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு ஒரு பயணம்’ என்ற நூலில் குதிரை மாற்றும் ஒவ்வொரு நிலையமும் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு. மேலே சொன்ன ஊர்கள் எல்லாம் அதில் உண்டு. பண்ணையடிமை முறையைச் சாடியதற்காக ஆசிரியரை சைபீரியாவுக்கு அனுப்பிவைத்த அந்தப் புத்தகத்தில், பொலகோயேவுக்கு ஓர் அத்தியாயம் இல்லை. குதிரைக்கும் இடைவெளிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் பொலகோயே வரவில்லை.

1842 பிப்ரவரியில் ஜார் முதலாம் நிக்கலாய் ரயில்பாதைக்கு உத்தரவிட்டார். உடனே ஒரு வழக்கு எழுந்தது. நோவ்கோரோத் ரஷ்யாவின் மிகப் பழைய நகரங்களில் ஒன்று. பாதை அதன் வழியாகப் போக வேண்டும் என்று ஒரு தரப்பு வாதாடியது. சற்றே வளைந்தால் போதும், பழைய நகரமும் பழைய சாலையோர ஊர்களும் பிழைத்துக்கொள்ளும். எதிர்த்தரப்பு, இரு முனைகளுக்கும் இடையே எவ்வளவு நேராகப் போக முடியுமோ அவ்வளவு நேராகப் போக வேண்டும் என்றது. ஜார் நேர்க்கோட்டின் பக்கம் நின்றார். நோவ்கோரோத் விடுபட்டது. ஏரிக்கரையோடும் மடாலயத்தோடும் நெடுஞ்சாலையில் பெயர்பெற்றிருந்த வால்தாய் நகரமும் விடுபட்டது. பொலகோயே உள்ளே வந்தது. அந்த ஒரு முடிவால் எத்தனை விடுதிக்காரர்களும் வண்டிக்காரர்களும் லாடக்காரர்களும் பிழைப்பை இழந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சாலைகளின் வரலாற்றில் இவ்வளவு சுருக்கமான தீர்ப்புகள் குறைவு.

வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். வடக்குப் பகுதிக்கு பாவெல் மெல்னிகவ், தெற்குப் பகுதிக்கு நிக்கலாய் கிராஃப்ட். இருவரும் முன்பே அமெரிக்காவுக்குப் போய் அங்கே ரயில்பாதைகள் போடும் முறையைப் பார்த்து வந்தவர்கள். இருவரின் எல்லையும் பொலகோயேவில்தான் சந்தித்தது. அமெரிக்காவிலிருந்து ஆலோசகராக ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் என்ற பொறியாளர் வந்தார். தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி அகலம் இருக்கட்டும் என்றவர் அவர். அந்த 1,524 மில்லிமீட்டர் பிறகு பேரரசு முழுவதற்கும் அளவானது. எதிரி ரயிலில் ஏறி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ரஷ்யர்கள் வேறு அகலம் வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் விஸ்லருடைய காரணங்கள் செலவும் இன்ஜினின் வசதியும்தான். அவருடைய நாட்டின் தென்பகுதியிலும் அப்போது 5 அடிப் பாதைகள் ஓடிக்கொண்டிருந்தன. பாதை முடிவதை அவர் பார்க்கவில்லை. 1849-இல் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்துபோனார். ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் அவருடைய மகன்.

மண் வெட்டியவர்கள் பண்ணையடிமைகள். நிலச்சுவான்தார்களிடமிருந்து ஒப்பந்தக்காரர்கள் அவர்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்துவந்தார்கள். சதுப்பு நிலத்தில் கூடைகூடையாக மண் கொட்டி மேடு எழுப்பினார்கள், மண்ணில் குழி தோண்டிக் கூரை போட்டு உள்ளே படுத்தார்கள், டைஃபஸ் காய்ச்சலில் செத்தார்கள். நிக்கலாய் நெக்ராசவ் 1864-இல் எழுதிய ‘ரயில்பாதை’ என்ற கவிதை இவர்களைப் பற்றியதுதான். ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்து வளர்கிறார்கள். அந்தப் பாதையின் வரலாற்றை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அவர்களைத் தாண்டிப் போக முடியாது.

பொலகோயேவின் நிலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊர் வால்தாய் குன்றுகளின் மேல் இருக்கிறது. குன்றுகள் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மிக உயர்ந்த இடமே 350 மீட்டரைத் தொடாது. பார்வைக்கு மேடும் பள்ளமும் ஏரியும் ஊசியிலைக் காடுமாக மெதுவாக அலைபாயும் நிலம். ஆனால் கிழக்கு ஐரோப்பாவின் சமவெளியில் இந்தச் சிறு உயரமே வீட்டுக் கூரையின் முகடு போல வேலை செய்கிறது. இங்கே விழும் மழை எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பொறுத்து அதன் பயணம் மாறுகிறது. வோல்கா இந்தக் குன்றுகளில் வோல்கவெர்ஹோவியே என்ற கிராமத்தின் ஈரநிலத்தில் ஊற்றெடுத்து, 3,500 கிலோமீட்டர் நடந்து காஸ்பியன் கடலை அடைகிறது. மேற்குத் த்வினா ரீகா வளைகுடாவுக்குப் போகிறது, தினீப்பர் கருங்கடலுக்கு. பொலகோயே பகுதியின் நீர் ம்ஸ்தா ஆற்றில் சேர்ந்து, இல்மென் ஏரி, வோல்ஹவ் ஆறு, லாதகா ஏரி, நெவா என்று சுற்றிக்கொண்டு பீட்டர்ஸ்பர்க்கைத் தாண்டி பால்டிக் கடலில் கலக்கிறது. ரயிலில் தெற்கே ஒரு மணி நேரம் கூடப் போக வேண்டாம், விஷ்னி வொலொச்சோக்கில் த்வெர்த்சா ஆறு வோல்காவை நோக்கிப் புறப்படுகிறது. கடல்கள் எங்கோ இருக்க, அவற்றின் எல்லைக்கோடு இந்தக் காட்டுக்குள் ஓடுகிறது.

இந்த மேடுபள்ளத்தைச் செய்தது பனி. கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கிவந்த பனிப்பாளத்தின் விளிம்பு இந்தப் பகுதியில் நின்றது. ரஷ்ய நிலவியலாளர்கள் அந்தக் காலகட்டத்துக்கே வால்தாயின் பெயரை வைத்திருக்கிறார்கள். சுரண்டிக்கொண்டு வந்த களிமண்ணையும் சரளையையும் பாறைகளையும் பனி உருகியபோது அங்கங்கே கொட்டிவிட்டுப் போயிற்று. குவியல்கள் குன்றுகளாயின, குழிகள் ஏரிகளாயின. பொலகோயே ஏரியும் அப்படிப்பட்ட நிலத்தில் தேங்கிய நீர்தான்.

நீர் பிரியும் இடத்துக்கு மனிதர்கள் வந்துசேர்வது இயல்பு. ஒரு பக்கத்து ஆற்றிலிருந்து படகைத் தூக்கி, சில கிலோமீட்டர் தரையில் இழுத்து, மறுபக்கத்து ஆற்றில் இறக்கிவிட்டால் இரண்டு கடல்களும் இணைந்துவிடும். விஷ்னி வொலொச்சோக் அப்படிப் படகு இழுத்த இடம். முதலாம் பியோத்தர் 1703-இல் அங்கே கால்வாய் வெட்ட ஆணையிட்டார். சில ஆண்டுகளில் வோல்காவின் நீர்வழி பால்டிக்கோடு சேர்ந்தது. ஆனால் கால்வாய்க்குப் போதிய தண்ணீர் நிற்கவில்லை. மங்கோலியக் குடும்பத்தில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்த மிஹயீல் செர்தியூகவ் என்ற வணிகர் அணைகளும் நீர்த்தேக்கமும் கட்டி, தேவைப்படும்போது தண்ணீரைத் திறந்துவிடும் ஏற்பாட்டைச் செய்தார். அதன் பிறகுதான் வோல்கா நாட்டுத் தானியம் தடையின்றி பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது. ம்ஸ்தா ஆற்றில் பொரோவிச்சி அருகே வேகமான பாறைத் துள்ளல்கள். படகுகள் இறங்கிப் போகலாம், ஏறித் திரும்ப முடியாது. தலைநகரில் சரக்கை இறக்கியதும் படகை உடைத்து மரமாக விற்றார்கள். ஒவ்வொரு ஆண்டும் புதிய படகுகளுக்காகக் காடு வெட்டப்பட்டது. ரயில் வந்து பிடித்துக்கொண்டது இந்த வேலையைத்தான். முகட்டின் மேல் சரக்கை ஏற்றிக் கடத்தும் தொழில் பொலகோயேவுக்குப் பக்கத்திலேயே நூறாண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருந்தது.

அதற்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே ஏரிக்கரையில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பொலகோயேவில் மாளிகை வைத்திருந்த பிரபு பாவெல் புத்தியாத்தின் தொல்லியலில் பித்துக்கொண்டவர். தன் நிலத்தில் கரையோரம் தோண்டிக் கற்கருவிகளும் மண்பாண்டச் சில்லுகளுமாகக் கற்கால வாழிடம் ஒன்றை வெளியே கொண்டுவந்தார். அதைப் பார்க்க 1899-இல் ஓர் இளைஞர் வந்தார், ஓவியர் நிக்கலாய் ரோரிக். அங்கே புத்தியாத்தின் குடும்பத்து உறவுப் பெண்ணான ஹெலெனாவைச் சந்தித்தார், பிறகு மணந்தார். இமயத்தை நீலமும் ஊதாவுமாக வரைந்து குவித்த அதே ரோரிக்தான். இந்தியாவுக்கு வந்து குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்ற ஊரில் குடியமர்ந்து 1947-இல் அங்கேயே மறைந்தார். அவர்களுடைய மகன் ஸ்வெத்தொஸ்லாவ் ரோரிக் நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூருக்கு அருகே தாதகுனி தோட்டத்தில் கடைசிவரை வாழ்ந்தார். பொலகோயே ஸ்டேஷனில் இறங்கிய ஒரு பயணி எங்கே வந்து சேர்ந்தார் என்று பாருங்கள்.

ரயில்பாதைக்குத் திரும்புவோம். இல்மென் தாழ்நிலத்திலிருந்து வால்தாய் மேட்டுக்கு ஏற வேண்டும். இன்ஜினுக்கு ஏற்றம் ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடுவதால் உராய்வு குறைவு. சமதளத்தில் சிறிய விசை பெரிய சுமையை இழுத்துவிடுவதன் ரகசியம் அதுவே. அதே குறைந்த உராய்வு ஏற்றத்தில் சக்கரத்தை வழுக்கிச் சுழல வைக்கும். ஆகவே பள்ளம் வந்தால் இறங்கி ஏறாமல் மேலேயே பாலம் போட்டுக் கடக்கப் பார்ப்பார்கள். ஒகுலோவ்காவுக்கு வடக்கே வெரேபியா என்ற ஓடை குடைந்த ஆழமான பள்ளம் இருந்தது. அதன் மேல் 590 மீட்டர் நீளம், 50 மீட்டருக்கு மேல் உயரம் என்று ஒரு பாலம் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு போனது, படித்து முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன திமித்ரி ஜுராவ்ஸ்கி என்ற இளைஞரிடம்.

பாலம் மரத்தால் ஆனது. மேலும் கீழும் நீண்ட விட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள், செங்குத்தாக இரும்புக் கம்பிகள். அமெரிக்காவில் வில்லியம் ஹாவ் என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பு. அமெரிக்கர்கள் எல்லாச் சட்டங்களையும் எல்லாக் கம்பிகளையும் ஒரே கனத்தில் வைத்துக் கட்டிவந்தார்கள். அனுபவத்தில் கட்டினார்கள், கணக்கில் கட்டவில்லை. ஜுராவ்ஸ்கி கணக்குப் போட்டார். பாரம் எல்லா உறுப்புகளுக்கும் சமமாகப் போவதில்லை, தூண்களுக்கு அருகே இருக்கும் கம்பிகளும் சட்டங்களும் நடுவில் இருப்பவற்றைவிட அதிகம் தாங்குகின்றன என்று கண்டார். தன் முடிவைச் சோதிக்க ஒரு சின்ன மாதிரிப் பாலம் செய்து, கம்பிகளுக்குப் பதில் ஒரே கனமுள்ள உலோகத் தந்திகளைப் பொருத்தினார். பாரம் வைத்தார். வயலின் வில்லால் ஒவ்வொரு தந்தியாக மீட்டினார். அதிக இழுவிசையில் இருக்கும் தந்தி உச்ச சுருதியில் ஒலிக்கும். தூண் பக்கத்துத் தந்திகள் உச்சத்தில் ஒலித்தன, நடுவில் இருந்தவை தணிந்து ஒலித்தன. பாலத்தின் எந்த உறுப்பு எவ்வளவு தாங்குகிறது என்பதைக் காதால் கேட்டுவிட்டார்.

இன்னொன்றையும் கவனித்தார். பெரிய மர விட்டங்கள் வளைக்கப்படும்போது குறுக்கே ஒடிவதற்கு முன்பே நார்வாக்கில் நெடுகப் பிளந்தன. வளையும் விட்டத்தின் மேல் அடுக்கு அமுங்குகிறது, கீழ் அடுக்கு நீளுகிறது, இடையில் அடுக்கின் மேல் அடுக்கு நழுவப் பார்க்கிறது. மரத்தின் நார்களுக்கு இடையே பிடிப்பு குறைவு என்பதால் அந்த நழுவலே அதைப் பிளக்கிறது. இந்த நழுவு தகைவை எப்படிக் கணக்கிடுவது என்று அவர் கண்ட சூத்திரம்தான் இன்று உலகமெங்கும் கட்டடப் பொறியியல் மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் போடும் கணக்கு. இந்த ஆய்வுக்கு 1855-இல் தெமீதவ் பரிசு கிடைத்தது. ஒரு மரப்பாலம் விரிசல் விட்டதை உற்றுப் பார்த்த ஒருவரிடமிருந்து விட்டங்களின் அறிவியலில் ஓர் அத்தியாயம் பிறந்தது என்பது எனக்கு இந்தப் பாதையின் மிகப் பெரிய சாதனையாகத் தெரிகிறது. 600 சொச்சம் கிலோமீட்டர் தண்டவாளத்தைவிடவும் அது பெரிது.

பாலம் இருந்தும் வெரேபியா ஏற்றம் தொல்லையாகவே இருந்தது. மாஸ்கோ நோக்கிப் போகும் கனமான வண்டிகளுக்குக் கூடுதல் இன்ஜின்கள் வேண்டியிருந்தன. எதிர்த்திசையில் இறங்கும் வண்டிகளை நிறுத்துவது பெரும்பாடு. 1881-இல் மரப்பாலத்தைக் கைவிட்டு, ஏற்றத்தைத் தணிக்க ஒரு வளைவுப் பாதை போட்டார்கள். நேரான பாதையில் அந்த ஒரே வளைவைப் பார்த்த மக்கள் ஒரு கதை கட்டினார்கள்: ஜார் வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தபோது நீட்டியிருந்த விரலைச் சுற்றிப் பென்சில் வளைந்துவிட்டது, பயந்த அதிகாரிகள் அப்படியே கட்டிவிட்டார்கள் என்று. வளைவு போடப்பட்டபோது முதலாம் நிக்கலாய் இறந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. சக்திவாய்ந்த இன்ஜின்களுக்கு அந்த ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை என்றான பிறகு, 2001-இல் பாதையை மறுபடி நேராக்கினார்கள்.

முதல் பொதுப் பயணிகள் ரயில் 1851 நவம்பர் 1-ஆம் தேதி, இன்றைய நாட்காட்டியில் 13-ஆம் தேதி, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து காலை 11.15-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 9 மணிக்கு மாஸ்கோ சேர்ந்தது. 21 மணி 45 நிமிடம். இவ்வளவு நீளப் பயணத்தில் பாதி வழியில் இறங்கிக் கால்நீட்டி, சூடாக எதையாவது குடிக்கத் தோன்றாத பயணி இருக்க முடியாது. பொலகோயேவின் ஸ்டேஷன் கட்டடம் அதற்கென்றே அமைந்தது. இரு திசைப் பாதைகளுக்கும் நடுவே, தீவு மாதிரி, இரண்டு பக்கமும் பிளாட்பாரம். எந்தப் பக்கம் போகும் ரயிலில் இருந்து இறங்கினாலும் சில அடிகளில் உணவுக்கூடம். ‘அன்னா கரீனினா’வில் பனிப்புயல் அடிக்கும் இரவில் அன்னாவும் விரோன்ஸ்கியும் எதிர்ப்படும் இடம் இந்த ஸ்டேஷன்தான், சோடா நீர் குடிக்கப் பெட்டியிலிருந்து இறங்கியபோது அவளைப் பார்த்தான் என்று தல்ஸ்தோய் ஊர்ப் பெயரோடு எழுதியிருக்கிறார். இன்ஜின் மாற்றும் நேரத்துக்குத்தான் ரயில் நிற்கும். நாவலின் போக்கைத் திருப்ப அந்த நேரம் அவருக்குப் போதுமாக இருந்தது.

நடுவில் நிற்கும் ஸ்டேஷனாகவே இருந்திருந்தால் பொலகோயே ஒகுலோவ்காவைப் போல, ஸ்பீரவோவைப் போல இருந்திருக்கும். அதை வேறாக்கியவை கிளைகள். முதல் கிளை தானியத்துக்காகப் பிறந்தது. வோல்கா மேல் ரிபின்ஸ்க் துறைமுகத்தில் கோடையில் பெரிய படகுகளிலிருந்து சிறிய படகுகளுக்கு மூட்டைகள் மாறும். படகிழுப்பவர்கள் கூடும் தலைநகரம் என்று அந்த ஊருக்குப் பெயர். அங்கிருந்து கால்வாய் வழியாக பீட்டர்ஸ்பர்க் போவதற்கு மாதக்கணக்கில் ஆனது. 1871-க்குள் ரிபின்ஸ்க்கிலிருந்து பொலகோயேவுக்கு சுமார் 300 கிலோமீட்டர் ரயில்பாதை வந்துவிட்டது. தானியம் தண்டவாளத்துக்கு மாறியது, செர்தியூகவ் உயிர் கொடுத்த கால்வாய் மெல்ல மெல்லத் தூர்ந்தது. அடுத்து மேற்கே, வால்தாய், ஸ்தாராயா ரூசா, த்னோ வழியாக ப்ஸ்கோவுக்கு ஒரு பாதை, 1897-இல். நேர்க்கோட்டில் விடுபட்டிருந்த வால்தாய்க்கு அரை நூற்றாண்டு தாமதமாக ரயில் வந்தது, அதுவும் பொலகோயேவின் கிளையாக.

மூன்றாவது கிளையைப் போட்டது போர் பயம். ஜெர்மனியோடு சண்டை வந்தால் ரஷ்ய உள்நாட்டிலிருந்து போலந்து எல்லைக்குப் படைகளை விரைந்து கொண்டுபோக வேண்டும். கூட்டாளியான பிரான்சின் கடனுதவியோடு, பொலகோயேவிலிருந்து தென்மேற்காக அஸ்தாஷ்கவ், வெலிக்கியே லூக்கி, பொலோத்ஸ்க் வழியாகப் போலந்தின் ஷெட்ல்செ வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை 1907-இல் திறக்கப்பட்டது. வழியெங்கும் ஒரே வார்ப்பில் செய்த மாதிரி அழகான ஸ்டேஷன் வீடுகள், செங்கல்லும் கல்லும் கலந்த தண்ணீர்க் கோபுரங்கள். சந்தை எதுவும் காத்திராத காட்டு வழியில் பட்டாளத்துக்காகவே கட்டியவை. இத்தோடு பொலகோயேவிலிருந்து ஐந்து திசைகளில் பாதைகள் பிரிந்தன. 1917-இல் அதற்கு நகர அந்தஸ்து கிடைத்தது.

அதே 1917. பீட்டர்ஸ்பர்க்கில் புரட்சி வெடித்தது கேட்டு இரண்டாம் நிக்கலாய் போர்முனைத் தலைமையகத்திலிருந்து ரயிலில் வீடு நோக்கிப் புறப்பட்டார். பொலகோயேவைக் கடந்து மாலாயா விஷெரா வரை வந்தாயிற்று. மார்ச் 1 பிறந்த நள்ளிரவுக்குப் பின், முன்னால் உள்ள ஸ்டேஷன்கள் கிளர்ச்சிக்காரர்கள் கையில் என்று சேதி வந்தது. ரயிலைத் திருப்பினார்கள். பொலகோயேவுக்கே மீண்டு, மேற்குக் கிளையில் இறங்கி, வால்தாய், ஸ்தாராயா ரூசா, த்னோ என்று போய் ப்ஸ்கோவ் சேர்ந்தார். மறுநாள் இரவு, பழைய நாட்காட்டியில் மார்ச் 2, அந்த ரயில் பெட்டியிலேயே முடி துறந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஆட்சியில் போட்ட கிளைப்பாதை அது.

சந்திப்பு என்றால் என்ன என்பதை 1941 இன்னும் கொடுமையாகக் காட்டியது. ஆகஸ்டில் வெலிக்கியே லூக்கி ஜெர்மானியரிடம் விழுந்தது: தென்மேற்குப் பாதை அறுந்தது. ஸ்தாராயா ரூசா விழுந்தது: மேற்குப் பாதை போயிற்று. சூதவோ விழுந்தது: லெனின்கிராத் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) திசை மூடியது. அக்டோபரில் த்வேர், அப்போதைய பெயரில் கலீனின், விழுந்ததும் மாஸ்கோ திசையும் துண்டிக்கப்பட்டது. ஐந்தில் மிஞ்சியது ஒன்று, தானியத்துக்காகப் போட்ட ரிபின்ஸ்க் பாதை. வடமேற்குப் போர்முனைக்கு ஆளும் குண்டும் ரொட்டியும் கிழக்கிலிருந்து அந்த வழியாகத்தான் வந்தன. அதனாலேயே பொலகோயே மேல் குண்டுகள் ஓயாமல் விழுந்தன. ரயில்வே தொழிலாளர்கள் இரவோடு இரவாகத் தண்டவாளத்தைச் சரிசெய்து வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் கலீனின் மீட்கப்பட்ட பிறகே ஊர் மூச்சு விட்டது. நானறிந்தவரை பொலகோயே தன் இருப்புக்கு முழுப் பொருள் தந்த மாதங்கள் அவை. அதற்கான விலையைச் சாதாரண ஃபயர்மேன்களும் பாயிண்ட்ஸ்மேன்களும் கொடுத்தார்கள்.

அமைதிக் காலத்தில் ஊரை மெலிய வைத்தது தொழில்நுட்பம். 1962-இல் மாஸ்கோ–லெனின்கிராத் பாதை முழுதும் மின்மயமானது. மின்சார இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டாம். தலைக்கு மேலே கம்பி இருக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். பாதி வழியில் நிற்க இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2009 டிசம்பரில் சாப்சான் அதிவேக ரயில் வந்தது. மணிக்கு 250 கிலோமீட்டர் வரை ஓடி, இரு நகரங்களுக்கும் இடையே நாலு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. சில சாப்சான்கள் மட்டும் பொலகோயேவில் ஒரு நிமிடம் போல நிற்கின்றன. அவற்றுக்கு வழிவிட உள்ளூர் ரயில்கள் ஒதுங்கின, சில நின்றேபோயின. லெவல் கிராசிங்குகளில் கதவு மூடியே கிடந்தது. பாதையோரக் கிராமங்களில் சாப்சான் மேல் கல் விழுந்த செய்திகள் வந்தன. 2010 கணக்கெடுப்பில் பொலகோயேவின் மக்கள் ஏறக்குறைய 23,000 பேர். சோவியத் காலத்தோடு பார்த்தால் நன்றாகவே சுருங்கிவிட்டது.

ஆனாலும் பாதி வழி பாதி வழிதான். அதிவேக ரயிலுக்குக் காசு போதாத மாணவர்கள் மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு எலெக்த்ரீச்கா என்னும் உள்ளூர் மின்ரயில்களிலேயே மாறி மாறிப் போவார்கள். த்வேரில் ஒரு மாற்றம், பொலகோயேவில் ஒரு மாற்றம், அதற்கப்பால் ஒகுலோவ்காவிலோ மாலாயா விஷெராவிலோ இன்னொன்று. 1851-இல் இன்ஜின் மாற்றிய அதே ஊர்களில் இப்போது பயணி மாறுகிறார். படைக்காகப் போட்ட தென்மேற்குக் கிளையில் பொலகோயேவிலிருந்து அஸ்தாஷ்கவ் வரை சில ஆண்டுகளாக வாரந்தோறும் நீராவி இன்ஜின் இழுக்கும் ரயில் ஓடுகிறது. பழைய ஸ்டேஷன் வீடுகளையும் தண்ணீர்க் கோபுரங்களையும் கைகாட்டிகளையும் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். சுற்றுலாவுக்கான ஏற்பாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். உள்ளூர்க்காரர்களும் டிக்கெட் எடுத்துப் போகும் ரயில் அது.

2024-இல் ரஷ்யா இன்னொரு பாதைக்கு வேலை தொடங்கியது. மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே பயணிகளுக்கு மட்டுமான, மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்துக்கான தனிப்பாதை, 679 கிலோமீட்டர் நீளம், 2028-இல் முடிக்கத் திட்டம். அதன் நிறுத்தங்களில் விஷ்னி வொலொச்சோக் உண்டு, வால்தாய் உண்டு, நோவ்கோரோத்துக்கென்று ஒரு ஸ்டேஷன் உண்டு. பொலகோயே இல்லை. ரதீஷ்செவின் அத்தியாயத் தலைப்புகளில் இருந்த ஊர்கள் மீண்டும் பாதைக்கு வருகின்றன. 1842-இல் தோற்ற வழக்கு மேல்முறையீட்டில் வென்றதுபோல் இருக்கிறது.

இது பொலகோயேவுக்கு முழு நஷ்டம் என்று நான் எண்ணவில்லை. அதிவேக ரயில்கள் தனிப்பாதைக்குப் போய்விட்டால் பழைய தண்டவாளம் காலியாகும். சாப்சானுக்காக ஓரங்கட்டப்பட்ட உள்ளூர் ரயில்களும் சரக்கு வண்டிகளும் திரும்ப இடம் கிடைத்து ஓடலாம். ரிபின்ஸ்க் பக்கமும் ப்ஸ்கோவ் பக்கமும் அஸ்தாஷ்கவ் பக்கமும் பிரியும் பாதைகள் வேறெங்கும் ஒன்றுசேரவில்லை. அவற்றில் போகிறவர்களுக்கு இணைப்பு ரயில்களை நேரம் பொருத்தி விடுவார்களா என்பதுதான் ஊரின் கேள்வி. கால அட்டவணை போடுகிறவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.